பினாங்கு சியூ ஜெட்டி: எந்த நேரம் போகலாம்?

கீழக்கரை மைந்தன்:
அஸ்ஸலாமு அலைக்கும். அடுத்த மாசம் உம்மா, வாப்பாவோட பினாங்கு பயணம். கடலுக்குள்ள கால் ஊன்றிக் கட்டின சீனர் குடியிருப்பான சியூ ஜெட்டியைப் பார்க்கணும். திருச்சி - கோலாலம்பூர் டிக்கெட் போட்டாச்சு. அங்கிருந்து எப்படி? எந்த நேரம் நல்லது? உம்மாவுக்கு முழங்கால் வலி. ஹலால் சாப்பாடு பக்கத்துல இருக்கா?

தென்கடல்:
வ அலைக்கும் ஸலாம் தம்பி. கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன்ல இ.டி.எஸ் ரயில் ஏறி, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில இருக்கிற பட்டர்வொர்த்ல இறங்குங்க, ஏறக்குறைய 4 மணி நேரம். ஸ்டேஷன் பக்கத்துலயே ஃபெர்ரி. தீவுல இறங்கி வெல்ட் கீ ரோட்டுல இடது கைப்பக்கம் நடந்தா லிம், சியூ, டான், லீ, யோ ஜெட்டிகள் ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா வரும். சியூதான் பெருசு, 75 வீடு கிட்ட இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரே குடும்பப் பெயர்க்காரங்க குடியிருப்பு.

நேரத்தைவிட நீர்மட்டம் பாருங்க. நம்ம வடகடல்ல (பாக் நீரிணை) ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. அங்கே அமாவாசை, பௌர்ணமி ஒட்டி 2 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். வற்றத்துல போனா வீட்டுக்கு அடியில சேறும் நாத்தமும்தான். முதல் நாளே பினாங்கு ஓத அட்டவணை பார்த்து, ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போய்ச் சேருங்க.

பாம்பன் தச்சன்:
அடிக்கால் எப்படி நிக்குதுன்னு பார்க்கணும்னா வற்றம்தான் சரி. ஆதியில எல்லாம் மரக்கால். நம்ம வத்தைப் படகோட அடிப்பலகையைத் துளைக்கிற அதே கடற்புழு அந்த மரத்தையும் தின்னும். அதனால இப்போ பல இடத்துல பிளாஸ்டிக் குழாயை அச்சா நிறுத்தி உள்ளே கான்கிரீட் ஊத்தியிருக்காங்க. குழாய் உப்புத் தண்ணியைக் கான்கிரீட்டுல நேரா படவிடாது. நடைபாதை மட்டும் இன்னும் பலகைதான்.

உம்மாவுக்குச் சியூ போதும், தளம் சமமா இருக்கும். டான் ஜெட்டியோட நீளப் பலகைப் பாதை வேண்டாம். கைப்பிடி கிடையாது, மழை பெஞ்சா வழுக்கும்.

தென்கடல்:
தச்சன் சொன்னது சரி. இன்னொண்ணு: சியூவுல காலை 9 முதல் இரவு 9 வரைதான் வெளியாளுக்கு அனுமதி. அது குடியிருக்கிற வீடு. திறந்த கதவுக்குள்ள கேமராவை நீட்டாதீங்க. சீனப் புத்தாண்டு எட்டாம் நாள் ராத்திரி கரும்பு கட்டி, வான தேவருக்குப் படையல் போடுவாங்க. அன்னைக்கு நிக்க இடம் கிடைக்காது.

ஹலால் சாப்பாட்டுக்கு, ஜெட்டிக்குள்ள இருக்கிற கடைகள் வேண்டாம். ஆர்மீனியன் தெரு வழியா மேற்கே நடந்தா பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துல கேப்டன் கிளிங் பள்ளி. நம்மவர் காதர் மைதீன் மரைக்காயர் 1801-ல கட்டினது. சுத்தி நாசி கண்டார் (சோத்தோட கறி, குழம்பு ஊத்தித் தர்ற தமிழ் முஸ்லிம் சாப்பாடு) கடைகள்.

பாம்பன் தச்சன்:
குவே ஜெட்டியைத் தேடாதீங்க, 2006-ல இடிச்சாச்சு. அங்கே குடியிருந்த குவே குடும்பத்தார் பூர்வீகத்துல முஸ்லிம்களான ஹுய் சீனர் வம்சம். அதை இழந்தது பெரிய நஷ்டம். 2008-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஜார்ஜ் டவுன் வந்ததாலதான் மிச்சம் நிக்குது.

கீழக்கரை மைந்தன்:
ஜஸாக்கல்லாஹ் காக்கா. ஏற்ற நேரம் பார்த்துட்டேன், காலை பத்தரைக்குச் சியூ, லுஹர் தொழுகைக்குப் பள்ளி.