சின்ன ரீஃப் தொட்டிக்குத் துப்புரவுப் படை: எதை விடலாம், எத்தனை விடலாம்?

ரீஃப் தொட்டி என்றால் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி; அதில் பாசியையும் மிச்சத் தீனியையும் தின்று சுத்தம் செய்யும் நத்தை, நண்டு, இறால்தான் துப்புரவுப் படை. 60 லிட்டர் தொட்டிக்கு எத்தனை நத்தை என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், உள்ளே தின்ன என்ன கிடக்கிறது என்று பாருங்கள். கண்ணாடியில் பச்சைப் படலமா, கல்லில் குட்டை முடிபோல் பாசியா, மணலில் மீன் விட்ட மிச்சத் தீனியா? ஒவ்வொன்றையும் தின்பது வேறு வேறு பிராணி. நாலு லிட்டருக்கு ஒன்று என்று 15 நத்தைகளை மொத்தமாக இறக்கினால் முதல் மாதம் தொட்டி பளிச்சென்று இருக்கும். பிறகு ஒவ்வொன்றாகச் சாகும். பெரும்பாலும் நோய் இல்லை, பட்டினி.

60 லிட்டருக்கு ஆரம்பத்தில் மூன்று வகை நத்தை, ட்ரோக்கஸ் 2, செரித் 3, நசாரியஸ் 2 போதும். நான்கு வாரம் பொறுங்கள். கண்ணாடியை வழித்த இரண்டே நாளில் மறுபடி பச்சை ஏறினால் இன்னொரு ட்ரோக்கஸ் சேர்க்கலாம். ஏறவில்லை என்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். கழிவிலிருந்து வரும் நச்சுகளான அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வராமல் எதையும் விடக் கூடாது. புதுத் தொட்டியில் முதலில் வரும் டயாட்டம் என்ற பழுப்புப் பாசிப் படலம் சில வாரங்களில் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதை நம்பி ஒரு படையை வாங்கினால் பிறகு தீனிக்கு வழியில்லை.

*

பட்டியலில் ட்ரோக்கஸை முதலில் சொன்னேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மணலில் மல்லாந்து விழுந்த ட்ரோக்கஸைக் கவனியுங்கள்: பாதத்தை நீட்டி, பக்கவாட்டில் எட்டிப் பிடித்து, ஓட்டை ஒரு முறுக்கு முறுக்கித் தானே எழுந்துவிடும். பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட அதே மாதிரிக் கூம்பாக இருக்கும் ஆஸ்ட்ரியா நத்தைக்கு அது வராது. கவிழ்ந்த இடத்திலேயே கிடந்து செத்துப்போகும், அல்லது காலி ஓட்டில் குடியிருக்கும் ஹெர்மிட் நண்டுக்கு இரையாகும். ஆஸ்ட்ரியா வைத்திருந்தால் தினமும் காலையில் ஒருமுறை மணலைப் பார்த்துத் திருப்பி வையுங்கள்.

டர்போ நத்தை முடிப்பாசியை வேகமாக மேயும், ஆனால் சின்னத் தொட்டிக்குப் பெரிசு. ஒட்டாமல் வைத்த பவளத்துண்டு எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் போகும். மார்கரீட்டா குளிர்நீர் நத்தை. 25–26 டிகிரியில் ரொம்ப நாள் தாங்காது, மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நசாரியஸ் பாசியைத் தொடவே தொடாது. மணலுக்குள் புதைந்து, யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உறைந்த இறால் தீனி ஒரு துண்டு விழுந்தால் போதும், மணலைப் பிளந்துகொண்டு கிளம்பி வரும். அடியில் மணல் போடாத தொட்டிக்கு அது தேவையில்லை. செரித் இரவில் கல், கண்ணாடி, மணல் மேற்பரப்பு மூன்றையும் மேயும். கண்ணாடியில் வளைந்து வளைந்து வெள்ளைக் கோடு தெரிந்தால் அது அதன் முட்டைதான், பயப்பட வேண்டாம்.

*

ஹெர்மிட் விடுகிறவர்கள் நண்டு ஒன்றுக்கு இரண்டு மூன்று காலி ஓடுகள், சற்றே பெரிய அளவில், போட்டு வையுங்கள். ஓடு கிடைக்காவிட்டால் நத்தையைக் கொன்று அதன் ஓட்டில் குடியேறும். ஓடு போட்டாலும் ஆபத்து முழுசாகப் போகாது. 60 லிட்டரில் ஹெர்மிட் இல்லாமலே சமாளிக்கலாம் என்பது என் கருத்து.

ஐப்டேசியா என்ற தொல்லை தரும் கடல் அனிமனியைத் தின்னப் பெப்பர்மிண்ட் இறால் வாங்கும்போது முதுகைப் பாருங்கள். கூன் விழுந்து, சிவப்புக்கு நடுவே வெள்ளைக் கோடும் புள்ளியும் பளிச்சென்று தெரிந்தால் அது ஒட்டக இறால், பவளப் பாலிப்பைக் கடிக்கும். பெப்பர்மிண்ட்டுக்குக் கண்ணாடி போன்ற உடலில் மெல்லிய சிவப்புக் கோடுகள்தான். மணல் சலிக்கும் நட்சத்திர மீனைத் தவிர்த்துவிடுங்கள். சின்ன மணல்பரப்பில் உள்ள உயிரிகளைத் தின்று தீர்த்துவிட்டுப் பட்டினியில் கரைந்துபோகும்.

*

விட்ட மறுநாளே நத்தை செத்தால் முதலில் உப்பளவைச் சந்தேகியுங்கள். உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி, நத்தை வந்த பையில் 1.021, தொட்டியில் 1.025 என்று இருந்தால் அப்படியே தூக்கிப் போடக் கூடாது. பைத் தண்ணீர் அரை லிட்டர் என்றால் காற்றுக்குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை அதில் நொடிக்கு மூன்று சொட்டு விடுங்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் இரட்டிப்பாகி 1.023 வரும். பாதியைக் கொட்டிவிட்டு இன்னொரு மணி நேரம் விட்டால் 1.024. பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள்.

ஆவியாவதும் ஒரு பெரிய காரணம். கல், மணல் போக 50 லிட்டர் தண்ணீர் இருக்கும் தொட்டியில் தினம் 1 லிட்டர் குறைந்தால் மூன்றே நாளில் உப்பளவு 35 பிபிடியிலிருந்து (ஆயிரத்தில் 35 பங்கு) 37-ஐத் தாண்டும். அப்போது மூன்று லிட்டர் நல்ல தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினால் மறுபக்கம் அடி. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆர்ஓ தண்ணீர் சேருங்கள்.

வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்தை இந்தத் தொட்டியில் ஒருபோதும் ஊற்ற வேண்டாம். நத்தை, இறால், நண்டு எல்லாமே போய்விடும். கல்லும் மணலும் தாமிரத்தை உறிஞ்சி வைத்துப் பிறகு கசியவிடும். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம்.

*

ஒன்று விட்டுப்போயிற்று. சிவப்புக் கம்பளம் போல் விரியும் சயனோவை (சயனோபாக்டீரியா) நத்தைகள் பொதுவாகத் தின்னாது. அதற்கு நீரோட்டத்தைக் கூட்டி, உறிஞ்சி எடுத்து, தீனியைக் குறைக்க வேண்டும். பழுப்பாக, சளி இழைபோல், நுனியில் காற்றுக்குமிழோடு ஒன்று படர்ந்து, கூடவே நத்தைகள் சோர்ந்து விழுந்தால் டைனோவாக (டைனோஃபிளஜலேட் என்ற நுண்ணுயிர்) இருக்கலாம். சில வகை நச்சுள்ளது. அந்த நேரத்தில் புது நத்தை வாங்கிப் போடுவது அதையும் கொல்வதுதான்.

ட்ரோக்கஸ் ஓட்டின் விளிம்பில் அரிசிக் குருணை போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது பிரமிட் நத்தை, ஒட்டுண்ணி. விடுவதற்கு முன் பழைய பல்தேய்க்கும் பிரஷால், தொட்டித் தண்ணீர் எடுத்த தனிக் கிண்ணத்தில் தேய்த்துவிடுங்கள்.

பாசி முழுக்கத் தீர்ந்துபோனால் நோரி (காயவைத்த கடற்பாசித் தாள்) ஒரு 2 செ.மீ. துண்டைக் கல்லில் ரப்பர் வளையத்தால் கட்டி, மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். அசையாமல் கிடக்கும் நத்தையை எடுத்து முகர்ந்து பாருங்கள். அழுகல் வாடை வந்தால் உடனே வெளியே. வாடை இல்லாமல், ஓட்டின் வாயில் உள்ள மூடியை இறுக்கிக்கொண்டால் உயிரோடுதான் இருக்கிறது, நிமிர்த்தி வைத்துவிடுங்கள்.