ஓட்டோசின்க்ளஸ் மீன்கள் இறக்கின்றன, உடனே உதவி தேவை

கண்ணாடிக்குளம்: கடையிலிருந்து பாசி தின்னும் சிறு கெளுத்திகளான ஓட்டோசின்க்ளஸ் ஆறு வாங்கி வந்தேன், நான்கு நாள்களில் இரண்டு இறந்துவிட்டன. மற்றவை அசையாமல் ஒட்டிக் கிடக்கின்றன. அவ்வப்போது மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டுத் திரும்புகின்றன. தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது. என்ன மருந்து போடலாம்?

நீர்ப்பாசி: தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை மாதமாக ஓடுகிறது, மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் நச்சுகளான அமோனியா, நைட்ரைட் அளவு என்ன என்று எதையும் சொல்லாமல் மருந்து கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்?

மின்விசிறி: வெப்பம்தான் காரணம் என்று அடித்துச் சொல்வேன். சென்னைக் கோடையில் தொட்டி நீர் 31 டிகிரியைத் தாண்டும். நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். நீரில் குமிழி விடும் காற்றுக்கல் போடுங்கள்.

பழையகை: தேடிப் படித்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை, பல முறை எழுதியாயிற்று. இவை பெரும்பாலும் தென்னமெரிக்க ஆறுகளில் பிடிக்கப்பட்டு, கடைத்தொட்டிக்கு வந்து சேரும்வரை ஏறக்குறையப் பட்டினியாகவே கிடப்பவை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பாருங்கள். கரண்டிக் குழிபோல் உள்வாங்கியிருந்தால் பசி. காற்றை விழுங்குவது இவற்றின் இயல்பு. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் அதற்கென்றே பைபோன்ற விரிவு உண்டு.

மின்விசிறி: கோரிடோரஸ் பின்குடலால் அல்லவா காற்றைச் சுவாசிக்கிறது? இரண்டும் கவசக் கெளுத்திகள்தாமே?

பழையகை: கவசம் பொது, குடும்பம் வேறு, காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் வேறு.

நீர்ப்பாசி: கடைக்காரர் இனத்தின் பெயர் 'அஃபினிஸ்' என்று சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். 1877இல் மீனியல் அறிஞர் ஷ்டைன்டாக்னர் அந்தப் பெயரிட்ட மீன் ரியோ டி ஜெனீரோ பக்கத்தது. கடைகளுக்கு வருபவை பெரும்பாலும் விட்டாட்டஸ் அல்லது மாக்ரோஸ்பிலஸ் இனங்கள்.

மின்விசிறி: நூற்றுக்கணக்கில் விற்பவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

நீர்ப்பாசி: விற்பது வேறு, இனம் பிரித்தறிவது வேறு.

கண்ணாடிக்குளம்: பெயர் தெரியாது, ஐயா. தொட்டி 60 லிட்டர், வைத்து மூன்று வாரம். வயிறு குழிந்துதான் இருக்கிறது. மீன்கள் வருவதற்கு முந்தைய நாள்தான் பச்சையாய்ப் படிந்திருந்ததையெல்லாம் பளிச்சென்று சுரண்டி எடுத்தேன்.

நீர்ப்பாசி: சுரண்டி எறிந்தது அவற்றின் சாப்பாடு! வெள்ளரிக்காய்த் துண்டை ஒரு கொதி வேகவிட்டு, ஆறியதும் முள்கரண்டியில் குத்தி அடியில் இறக்குங்கள். மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள், இல்லையேல் அழுகி நீர் கெடும். வாளித் தண்ணீரில் கூழாங்கற்களைப் போட்டு வெயிலில் வையுங்கள். பாசி படர்ந்ததும் ஒவ்வொன்றாகத் தொட்டிக்கு மாற்றலாம். புதிய தொட்டி என்பதால் அமோனியாவை இன்றே சோதியுங்கள். மருந்து எதுவும் வேண்டாம்.

மின்விசிறி: காற்றுக்கல்லையும் மறக்க வேண்டாம்.

கண்ணாடிக்குளம்: இன்னொன்று போய்விட்டது. மிஞ்சிய மூன்றில் ஒன்று நள்ளிரவில் வெள்ளரித் துண்டின் மேல் ஒட்டியிருந்தது. நன்றி.