வாஃபிளுக்குத் தமிழ்ச்சொல்: கட்டப்பமா, கண்ணப்பமா?

நண்பர்களுக்கு வணக்கம். இரண்டு சூடான தட்டுக்கு நடுவே மாவை வார்த்துச் சுடும் வாஃபிள் என்ற பண்டத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> சதுரக் கட்டங்கள் இருப்பதால் 'கட்டப்பம்' என்றே வைத்துவிடலாமே?

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. சதுரமும் ஆழமான கட்டங்களும் பெல்ஜிய வாஃபிளுக்கு உரியவை. நான் இருக்கும் நார்வேயில் வாஃபிள் வட்டமாக இருக்கும், ஐந்து இதயங்கள் நுனியெல்லாம் நடுவில் சேர ஒரு பூப்போல விரிந்திருக்கும், தடிமன் குறைவு, கையில் எடுத்து மடித்தால் அப்படியே மடங்கும். இதைக் கட்டப்பம் என்று எழுதினால் வாசிப்பவர் மனத்தில் வேறு பண்டம்தான் வரும்.

'இனிப்பு' என்ற அடைமொழியைச் சேர்க்கும் யோசனையும் சரிவராது. இங்கே ஜாமும் ரோம்மே என்கிற புளித்த பாலாடையும் வைத்துத் தின்பார்கள், அல்லது பழுப்புப் பாலாடைக்கட்டியை மெல்லிசாகச் சீவி மேலே போடுவார்கள். பால் திரிந்தபின் பிரியும் தெளிநீரை அதன் சர்க்கரை பழுப்பாகும்வரை காய்ச்சிச் செய்வது அந்தக் கட்டி, கொஞ்சம் உப்பும் கொஞ்சம் இனிப்புமாக இருக்கும். வாஃபிளுக்குள் சாசேஜ் வைத்துச் சுருட்டித் தின்பவர்களும் உண்டு. பிள்ளைகளின் கால்பந்துப் போட்டியில் பெற்றோர் சுட்டு விற்பதும், மலைக் குடில்களில் நடந்து களைத்தவருக்குக் கிடைப்பதும், 1864 முதல் நார்வே மாலுமிகளுக்காக இயங்கும் தேவாலயங்களில் வெளிநாட்டுத் துறைமுகத்திலும் காப்பியோடு கொடுப்பதும் இதுதான். அன்றாடப் பண்டம், அதனால் பெயரும் வாயில் சட்டென்று வருவதாக இருக்க வேண்டும்.

செய்முறையைப் பார்த்தால் 'அப்பம்' என்ற பகுதி பொருத்தம்தான். 300 கிராம் மைதா, 400 மில்லி பால், 3 முட்டை, 100 கிராம் உருக்கிய வெண்ணெய், கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி ஏலப்பொடி. ஆமாம், ஏலக்காய்தான், அது இல்லாவிட்டால் நார்வே வாசனையே வராது. கரைத்து அரைமணி நேரம் வைத்தால் மாவு ஊறிக் கெட்டிப்படும், அப்புறம் சூடான கருவியில் ஒரு கரண்டி வார்த்து மூட வேண்டும். பக்கவாட்டில் வரும் ஆவி குறையும்வரை திறக்கவே கூடாது, அவசரப்பட்டால் மேல் பாதி மேலேயும் கீழ்ப் பாதி கீழேயும் ஒட்டிக்கொண்டு கிழியும். 'வார்த்தல்' என்ற நம் வினைச்சொல்லை மாற்றாமல் இதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

'அச்சப்பம்' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நல்ல சொல், ஆனால் அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் நம் அச்சப்பத்தை, கிட்டத்தட்ட அதே பூ வடிவில், ருசெட்பக்கெல்ஸ் என்ற பெயரில் நார்வேக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்கிறார்கள். அந்தப் பெயர் அதற்கே இருக்கட்டும்.

என் முன்மொழிவு 'கண்ணப்பம்'. வலைக்கண், சல்லடைக்கண் என்கிறோமே, அந்தக் கண். இதய வடிவமானாலும் சதுரமானாலும் மேலே பதிந்திருக்கும் கண்கள் எல்லா வாஃபிளுக்கும் பொது. வாஃபிள் என்ற சொல்லே தேனடையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான 'வாபெ'யோடு உறவுடையது, ஆக அந்தச் சொல்லின் மூல அர்த்தத்திலிருந்தும் நாம் விலகவில்லை. நேராகத் 'தேனடை' என்று வைக்க ஆசைதான், ஆனால் கடையில் கேட்டால் தேன்கூட்டைத்தான் எடுத்துத் தருவார்கள்.

கருவிக்குக் 'கண்ணப்பக்கல்'. மின்சாரக் கருவியைக் கல் என்பதா என்று கேட்பீர்கள். நார்வேஜிய மொழியில் அதன் பெயர் வாஃபெல்யெர்ன், யெர்ன் என்றால் இரும்பு. நீண்ட பிடியோடு அடுப்பில் வைத்த வார்ப்பிரும்புக் கருவிக்கு வந்த பெயர், இன்று ஒட்டாப்பூச்சு பூசிய அலுமினியத் தட்டானாலும் இரும்பு என்றே சொல்கிறார்கள். நாமும் இரும்பில் செய்ததைத் தோசைக்கல் என்றுதானே சொல்கிறோம்? பழைய பொருளின் பெயர் புதிய கருவிக்குத் தொடர்வதில் எந்தத் தவறும் இல்லை.

கண்ணப்ப நாயனார் நினைவுக்கு வருகிறார் என்ற மறுப்பு வரும் என்று தெரியும். 'கண்ணப்பம் வார்த்தேன்', 'ரெண்டு கண்ணப்பம் கொடு' என்று வாக்கியத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், எனக்குக் குழப்பம் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். அப்புறம் க்ரும்காகே என்ற இன்னொரு நார்வேப் பண்டம் பாக்கியிருக்கிறது, அதுவும் இரண்டு தட்டுக்கு நடுவே சுடுவதுதான், ஆனால் காகிதம்போல் மெல்லியதாக, சூட்டோடு கூம்பாகச் சுருட்டி எடுப்பது. 'சுருளப்பம்' என்று குறித்து வைத்திருக்கிறேன், இதைவிட நல்லது யாரிடமாவது இருக்கிறதா?