புதுப்பிப்பு: கன்னங்குறிச்சி முற்றத்துப் பாம்பு கட்டுவிரியன் இல்லை

துவைகல் ஓரம் கிடந்த, வெள்ளைப் பட்டை போட்ட கரும்பழுப்புப் பாம்பு எது என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் கட்டுவிரியன் என்றீர்கள். ஜூம் பண்ணி எடுத்த படங்களில் உறுதியாகிவிட்டது: வெள்ளிக்கோல் வரையன், விஷமில்லாதது.

பட்டை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். இதற்குக் கழுத்திலேயே அகலமாகத் தொடங்கி வால் பக்கம் மங்கிப்போகிறது. கட்டுவிரியனுக்குத் தலையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, மெல்லிய கோடுகளாக, பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும். வால் பக்கம்தான் பளிச்சென்று தெரியும்.

ஆனால் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். கட்டுவிரியன் குட்டிக்குக் கழுத்துப் பக்கமும் பட்டை இருக்கும், கிழட்டுப் பாம்புக்கு அது புள்ளிகளாக உடைந்திருக்கும். ஏமாற்றாத அடையாளம் முதுகின் நடுவரிசைச் செதில்: கட்டுவிரியனுக்கு அது மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். நம்ம படத்தில் எல்லாச் செதிலும் ஒரே அளவு. அந்தப் பாம்பு சுவரில் ஏறியது; அதுவும் வரையனின் குணம்தான்.

செதில் தெரியும் என்று கிட்டே போய்விடாதீர்கள். எட்ட நின்றே படம் எடுங்கள். சந்தேகமிருந்தால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் கடி வலிக்காது, தடமும் தெரியாமல் போகலாம். கடித்திருக்குமோ என்று தோன்றினாலே 108-ஐ அழையுங்கள். கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம்.