கணிதத்துக்கு எதிரே இருந்த கட்டம்

காரைக்குடியில் பத்தாம் வகுப்பை முடித்த 2022ஆம் ஆண்டில், பிளஸ் டூவுக்குப் பதிலாக ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) டிப்ளமோதான் படிப்பேன் என்று பிடிவாதமாக நின்றேன். விடுதியில் தங்கிப் படிக்கும் செலவைக் கேட்ட ஐயா, "செலவு தெரியுது ஆச்சி, வரவு என்னன்னு சொல்லு" என்றார். 1968இல் ஜெனீவாவில் தொடங்கிய பாடத்திட்டம் என்றும், நம் நாட்டில் பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்கப்படுகிறது என்றும் சொன்னேன். அது வரவுக்கான பதில் அல்ல என்பது இருவருக்குமே தெரியும்.

ஆறு பாடங்களில் மூன்றை 240 மணி நேர உயர்நிலையிலும், மற்ற மூன்றை 150 மணி நேர இயல்புநிலையிலும் படிக்க வேண்டும். எந்தப் பாடம் எந்த நிலையில் என்பதைப் பதினாறு வயதில் நாமே முடிவு செய்கிறோம். நான் சறுக்கியது அங்கேதான். கணிதத்தில் இரண்டு வகை உண்டு. 'அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்' கோட்பாட்டின் பக்கம் சாய்ந்தது. 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரிடேஷன்' புள்ளியியல், மாதிரிகள் ஆகியவற்றின் பக்கம் சாய்ந்தது. இரண்டில் எதுவானாலும் சரிதான் என்று பள்ளியில் சொன்னார்கள். எளிதாகத் தெரிந்த இரண்டாவதை இயல்புநிலையில் எடுத்தேன். பல வெளிநாட்டுப் பொறியியல் துறைகள் முதல் வகையை, அதுவும் உயர்நிலையில், கேட்கின்றன என்பதை ஆறு வாரம் கழித்து, நானாகப் பல்கலைக்கழகத் தளங்களைப் படித்தபோதுதான் அறிந்தேன். பொருளியலை இயல்புநிலைக்கு இறக்கி, கணிதத்தை மாற்றிக்கொண்டு, விட்டுப்போன பாடங்களை தீபாவளி விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டுப் பட்டாலை என்னும் கூடத்தில் உட்கார்ந்து படித்தேன். பலகாரம் தட்டில் அப்படியே இருந்ததாக அப்பத்தா இன்றும் சொல்லிக்காட்டுவார்.

அதைவிடப் பெரிய பாடம், இந்தப் படிப்பில் எழுத வேண்டிய, 4,000 சொற்களுக்கு மிகாத ஆய்வுக் கட்டுரையில் கிடைத்தது. தலைப்பை யாரும் கொடுக்க மாட்டார்கள். வழிகாட்டும் ஆசிரியரிடம் கிடைப்பதும் மொத்தம் மூன்று முதல் ஐந்து மணி நேரமே. எங்கள் வீட்டு வளவு, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி, வெயிலிலும் குளிர்ச்சியாக இருப்பது ஏன் என்பதை இயற்பியல் கட்டுரையாக எழுதலாம் என்று எண்ணி, மே மாதத்தில் முகப்பிலும் பட்டாலையிலும் வளவிலும் வெப்பமானிகளைத் தொங்கவிட்டு, காலை ஆறு மணி முதல் மணிக்கொரு முறை குறித்துக்கொண்டேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையே காரணம் என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். ஆசிரியர் அந்த வரியின் கீழ் கோடிட்டு, தரையா, தடித்த சுவரா, திறந்த முற்றமா என்பதை உன் எண்கள் எப்படிப் பிரித்துக் காட்டுகின்றன என்று மட்டும் கேட்டிருந்தார். அவை பிரித்துக் காட்டவில்லை. பாதிக் கட்டுரையைக் கிழித்துவிட்டு, ஒரே ஒரு கல்லையும் அதே கனமுள்ள சிமெண்ட் பலகையையும் வெயிலில் வைத்து, எது எவ்வளவு நேரத்தில் சூடேறுகிறது என்ற சிறிய கேள்விக்கு வந்து சேர்ந்தேன். குறுகிய கேள்வி கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது.

2024 மே மாதம் தேர்வு எழுதி, 45க்கு 36 பெற்றேன். முடிவு வருவது ஜூலையில் என்பதால், அதற்கு முன்பே சேர்க்கையை முடிக்கும் கல்லூரிகளைக் கைவிட வேண்டியிருந்தது. இதையும் முன்கூட்டி யாரும் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு என் தம்பி அதே பாடத்திட்டத்துக்கான படிவத்தைக் கொண்டுவந்தபோது, கணிதத்துக்கு எதிரே இருந்த கட்டத்தை ஐயா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, இந்த இரண்டில் எது என்று அவனைக் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. இப்போது அவன் காரைக்குடியிலேயே பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கிறான்.