எல்.ஐ. பாதி முடிந்தது, பிளாங்கிலும் நார் வருகிறது: மிட் பிரசென்டேஷனில் எதைக் காட்டுவது?

அலைமகள் (பினாங்கு)

வணக்கம். கடல் அறிவியல் படிக்கிறேன். இப்போது தீவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எல்.ஐ. (படிப்போடு சேர்ந்த தொழிற்பயிற்சி) பாதி ஓடிவிட்டது, அடுத்த வாரம் மிட் பிரசென்டேஷன். தலைப்பு: கடற்கரை மணலில் மைக்ரோபிளாஸ்டிக் (5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துணுக்கு).

எல்.ஐ. என்றால் தினமும் படகு என்று நினைத்து வந்தவள் நான். படகில் ஏறவே இல்லை. பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் கடற்கரைகளில் அலை கடைசியாகக் குப்பையை ஒதுக்கிய கோட்டின்மேல் சதுரச் சட்டத்தை வைத்து, மேல்மணலை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஸ்டீல் கரண்டியால் சுரண்டிக் கண்ணாடிப் போத்தலில் போட்டுக்கொண்டு வருவோம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்), தங்கம் தேடுகிறீர்களா என்று மலாயில் கேட்டார்.

மிச்ச நேரமெல்லாம் லேப்தான். மணலை 60 டிகிரி ஓவனில் காயவைத்து, 5 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, இனிமேல் உப்பு கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த உப்புநீரில் கொட்டிக் கிளறினால் பிளாஸ்டிக் மேலே வரும். அதை வடித்து, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி இலை, பாசியெல்லாம் கரைந்தபின் ஃபில்டர் செய்து, மைக்ரோஸ்கோப்பில் எண்ண வேண்டும். "மண்ணைக் கழுவவா டிகிரி படிக்கிற?" என்கிறார் அம்மா.

பிரச்சினை இதுதான். மணலே போடாமல் வெறும் உப்புநீரை அதே வழியில் ஓட்டும் பிளாங்கிலும் நார் வருகிறது. ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. சில பிளாங்கில், மணல் சாம்பிளில் இருப்பதில் பாதி அளவுக்கு இருக்கிறது. பெரும்பாலும் கருநீலம், கொஞ்சம் மெரூன். எங்கள் லேப் ஏர்கோன் ஆளை விறைக்க வைக்கும், எல்லாரும் ஹூடி போட்டுக்கொண்டுதான் உட்காருவார்கள். மெரூன் ஹூடிக்காரர் லீவில் இருந்த வாரம் மெரூன் நார் ஏறக்குறைய இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சூப்பர்வைசர் வெளியூரில் இருக்கிறார். "பிளாங்கைப் பற்றிப் பேச்செடுக்காதே, மணல் எண்ணிக்கையை மட்டும் கிராஃபில் போடு" என்கிறார் சீனியர் (மெரூன் ஹூடி இவருடையதுதான்). மற்ற இன்டர்ன்களெல்லாம் டால்ஃபின் படம், டிரோன் படம் என்று வருவார்கள். நான் எதைக் காட்டட்டும்?

மிடில்பேங்க் அண்ணன்

தங்கச்சி, பிளாங்கைத்தான் முதலில் காட்டு.

எனக்கும் எல்.ஐ. பாதியில் கையில் ஒன்றுமில்லை. மிடில் பேங்க் கடற்புல் திட்டில் வேலை. பினாங்குப் பாலத்துக்குப் பக்கத்தில், தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே. கடல் நன்றாக வற்றினால்தான் தலைகாட்டும், அதுவும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான். அன்றைக்குப் பார்த்து மின்னல் அடித்தால் அடுத்த வற்று வரும்வரை லேப்பிலேயே கிட. எந்நேரமும் காலண்டரும் கையுமாக இருந்ததில், பேரன் ஜோசியம் படிக்கிறான் என்று பாட்டி அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டார். மிட்டில் அந்த நீர்மட்ட அட்டவணையையே போட்டு, சாம்பிள் ஏன் குறைவு என்று விளக்கினேன். கேள்வி முழுக்க அதைப் பற்றித்தான் வந்தது. கடற்புல் படங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நாரையும் துண்டையும் ஒரே எண்ணிக்கையில் சேர்க்காதே. பிளாங்கில் வருவது நார் மட்டும்தான் என்றால், மணலில் கிடைத்த உடைந்த துண்டு, நுரைப்பஞ்சு, ஃபிலிம் எல்லாவற்றையும் தைரியமாகச் சொல்லலாம். நாருக்கு மட்டும் மணலும் பிளாங்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மாதிரி கிராஃப் போடு.

அதற்குள் இன்னொன்றும் செய்துவிடு. நனைத்த ஃபில்டர் ஒன்றை பெட்ரி டிஷ்ஷில் திறந்தபடி மைக்ரோஸ்கோப் பக்கத்தில் வை. அதில் நார் விழுந்தால் காற்றில் வருகிறது. விழவில்லையென்றால் உப்பைச் சந்தேகப்படு, கடை உப்பிலேயே பிளாஸ்டிக் இருக்கலாம். உப்புநீரை முதலில் ஃபில்டர் செய்த பிறகே மணலில் ஊற்று. ஹூடி யாருடையது என்ற பேச்சே வேண்டாம். "லேப்பில் காட்டன் கோட் மட்டும்" என்று பரிந்துரையில் போட்டால் போதும், புரிய வேண்டியவருக்குப் புரியும்.

கோம்பாக் அக்கா (கோலாலம்பூர்)

அண்ணன் சொன்னது சரி. எனக்கு இன்னொரு சந்தேகம். நிறைவுற்ற சாப்பாட்டு உப்புக் கரைசலின் அடர்த்தி 1.2தான். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் 1க்குக் கீழே, சாதாரண நீரிலேயே மிதக்கும். ஆனால் பாலியெஸ்டர் ஏறக்குறைய 1.38, பி.வி.சி.யும் கனம். இவை அடியில் தங்கிவிடும். ஆக, உன் மணலிலிருந்து மேலே வந்த நார் பாலியெஸ்டர் என்றால் காற்றுக்குமிழில் ஒட்டி வந்திருக்கலாம், அல்லது பின்னால் விழுந்திருக்கலாம். பருத்தியாகவும் இருக்கலாம், பெராக்சைடு அதை முழுக்கக் கரைக்காது. எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு ஒளியால் எந்த வகைப் பொருள் என்று காட்டும் கருவி) கிடைக்கும்வரை, பழுக்கக் காய்ச்சிய ஊசியை நாரின் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார். பிளாஸ்டிக் சுருளும் அல்லது உருகும், பருத்தி அப்படிச் செய்யாது.

நான் இங்கே சுற்றுச்சூழல் கன்சல்டன்சியில் இருக்கிறேன். எங்கள் அறிக்கைகள் 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் போகிறவை. பிளாங்க் இல்லாமல் ஒரு லேப் நம்பர் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவோம். இன்டர்வியூவுக்கு வரும் பிள்ளைகளிடமும் இதைத்தான் கேட்கிறேன். டால்ஃபினைப் பற்றி இதுவரை கேட்டதில்லை.

அலைமகள்

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. நேற்றே திறந்த ஃபில்டர் வைத்துப் பார்த்தேன். கருநீலம் காற்றில்தான் வருகிறது. உப்பு சுத்தம். கிராஃபை அண்ணன் சொன்ன மாதிரியே மாற்றிவிட்டேன், சீனியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு கேள்வி: பாலியெஸ்டரையும் பிடிக்க, சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக ஜிங்க் குளோரைடு வாங்கித் தரச் சொல்லலாமா?

கோம்பாக் அக்கா

கேள். அடர்த்தி 1.5க்கு மேல் கொண்டுபோகலாம், பி.வி.சி.யும் வரும். ஆனால் விலை அதிகம், கையைப் புண்ணாக்கிவிடும், கிளவுஸ், கண்ணாடி கட்டாயம். பயன்படுத்தியதை ஃபில்டர் செய்து மறுபடி மறுபடி பயன்படுத்து. சிங்கில் மட்டும் ஊற்றிவிடாதே, அதிலுள்ள துத்தநாகம் (ஜிங்க்) மீனுக்கு விஷம். தனிப் போத்தலில் சேர்த்து லேபிள் ஒட்டி, லேப்பின் ரசாயனக் கழிவுப் பொறுப்பாளரிடம் கொடு. வாங்கச் சொல்வதற்கு முன்னாலேயே அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடு.