ரிவெட்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு: அழுக்கா, தேய்மானமா?

ஏஎம்ஈ_ரெண்டாம்வருஷம்:
டிரெய்னிங் போன இடத்தில் ஒரு பழைய பயிற்சி விமானம். இறக்கையின் அடியில், தகடுகளை இணைக்கும் ஆணிகளான ரிவெட்டுகளில் ஏழெட்டுக்குப் பின்னால் கரிக்கோடு மாதிரி கறை. துடைத்துவிட்டேன், அடுத்த முறை பறந்து வந்ததும் திரும்ப இருக்கிறது. "எக்சாஸ்ட் புகைதான், விடு" என்கிறார் கூட இருப்பவர். அப்படித்தானா அண்ணா?

தகரக்காரன்:
தம்பி, எக்சாஸ்ட் புகை பரவலாகப் படியும், ரிவெட் ரிவெட்டாகத் தேடிப் போய் உட்காராது. தலையிலிருந்து கிளம்பி, காற்று போகும் திசையில் வால் நீண்டிருந்தால் அது ஸ்மோக்கிங் ரிவெட். தளர்ந்த ரிவெட் தகட்டோடு மயிரிழை அளவுக்கு உரசுகிறது. உதிரும் அலுமினியத் தூள் ஆக்சைடாகிக் கறுத்து வெளியே வருகிறது. விரல் நுனியைப் பாதி தலைமேலும் பாதி தகட்டின்மேலும் வை, பக்கத்தில் ஒருவரை அழுத்தச் சொல். ஆட்டம் இருந்தால் விரலுக்கே தெரியும். தலையைச் சுற்றிப் பெயின்ட் வட்டமாக வெடித்திருக்கிறதா என்றும் பார்.

தகட்டில் வரும் லோடு ரிவெட் ஓட்டையைச் சுற்றித்தான் போயாக வேண்டும். அதனால் விளிம்பில் ஸ்ட்ரெஸ், தகட்டின் மற்ற இடத்தைவிட ஏறக்குறைய 3 மடங்கு. அதே இடத்தில் உரசலும் குழி பறித்தால் விரிசலுக்கு வேறென்ன வேண்டும்?

பழைய_இன்ஸ்பெக்டர்:
விரிசல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம்: 1988 ஏப்ரல் 28, அலோஹா ஏர்லைன்ஸ் விமானம் 243. ஹவாய்த் தீவுகளுக்குள் ஓடிய போயிங் 737; 24,000 அடியில் முன்பக்கக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். பறந்தது 35,496 மணி நேரம்தான், ஆனால் ஏறி இறங்கியது 89,680 தடவை! ஒவ்வொரு தடவையும் கேபின் பிரஷர் விமானத்தின் உடம்பை உப்ப வைக்கும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இணையும் லேப் ஜாயின்ட்டில் பசை விட்டுப்போய் லோடு முழுக்க ரிவெட்டுகள்மேல் விழுந்தது. ரிவெட் தலை பதிய எடுத்த சரிவுக் குழி (கவுண்டர்சிங்க்), மெல்லிய தகட்டின் முழுக் கனத்தையும் தின்று ஓட்டை விளிம்பைக் கத்திமுனை ஆக்கியிருந்தது. மேல் வரிசையில் ஓட்டைக்கு ஓட்டை முளைத்த குட்டி விரிசல்கள் கைகோத்துக்கொண்டன. விமானத்துக்குள் ஏறும்போதே ஒரு பயணி விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை.

ஏஎம்ஈ_ரெண்டாம்வருஷம்:
அப்போ புது ரிவெட் அடித்தால் போதுமா?

தகரக்காரன்:
அவசரப்படாதே. ஆடிய ரிவெட்டின் ஓட்டை பெரும்பாலும் நீள்வட்டமாகியிருக்கும். அதே சைஸ் போட்டால் மறுபடி புகையும். கழற்றிய பிறகு ஓட்டைக்குள் எடி கரன்ட் புரோப் (மின்காந்த முறையில் விரிசல் தேடும் கருவி) விட்டுப் பார்க்கச் சொல். சுத்தமாக இருந்தால் ரிப்பேர் மேனுவல் சொல்லும் ஓவர்சைஸ், அதாவது பெரிய சைஸ் ரிவெட். அதற்கெல்லாம் முன்னால் இன்ஜினியரிடம் காட்டி லாக் புக்கில் ஏற்று. அதுவரை துணியை எடுக்காதே, கறை அப்படியே இருக்கட்டும்.